கொம்புப் பெட்டியும் பின்வீட்டு மதியும்

கொருக்குப்பேட்டை
12.11.2009

அன்பு மகள் வடிவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளை ரகுபதியும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அந்த டொராண்டோ குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் தெரிந்துகொள். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், நடுவில் அப்பா போனைப் பிடுங்கி ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்பார், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். உன் பிரசவத்துக்கு நான் வந்து சேர எந்தத் தேதிக்கு டிக்கெட் போடுவது என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறார், அப்பாவும் பாஸ்போர்ட் இதோ வருகிறது அதோ வருகிறது என்று மழுப்பிக்கொண்டே இருக்கிறார். அதற்கான பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்கு ஓடாமல் முழுவதும் படி.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ரயில்வே கேட் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர், சாக்கடை எது சாலை எது என்று தெரியவில்லை, கடைக்குள் தண்ணீர் ஏறாமல் இருக்க அப்பா வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார். கீழ் வரிசை சீனி மூட்டை ஒன்று அப்படியே பாகாகப் போனது. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள், போட்டாயா என்று கேட்டால் போட்டேன் என்பார், அட்டையைப் பார்த்தால் மாத்திரை அப்படியே இருக்கும். வெள்ளத்துரை சித்தப்பா மகனுக்குத் திசையன்விளையில் பெண் முடிவாகியிருக்கிறது, பங்குனியில் கல்யாணம், உனக்குப் பத்திரிகை அனுப்புவார்கள். நீ இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே, குமட்டினால் எலுமிச்சை ஊறுகாயை நாக்கில் தொட்டுக்கொள். வெளியே போகும்போது காதை மூடிக்கொள், கனமான எதையும் தூக்காதே. வீட்டுச் சேதி எல்லாம் இவ்வளவுதான், இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை போன வருஷம் வந்தபோது ரிச்சி தெருவில் வாங்கிவந்து மாட்டினாரே, ஒற்றைக் கொம்பு வைத்த அந்தக் கறுப்பு ரூட்டர், இத்தனைக்கும் காரணம் அதுதான். கடையில் இருப்பதிலேயே மலிவானது இதுதான் அத்தை, வீட்டுக்கு இது போதும் என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னார். மலிவுச் சரக்கு எப்படி இருக்கும் என்று மளிகைக்கடைக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், ஆனாலும் மாப்பிள்ளை ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். கம்பியே இல்லாமல் வீடு முழுக்க இண்டர்நெட் வரும், எங்கே உட்கார்ந்தாலும் வடிவைப் பார்க்கலாம் என்றார். எங்கே வந்தது? முன்னறையில் அரிசி மூட்டை உத்தரம் வரைக்கும் அடுக்கியிருக்கிறதே, அதைத் தாண்டி ஒரு பொட்டு வரவில்லை. பின்னறை ஜன்னல் பக்கம் வைத்தால் மட்டும் வேலை செய்யும், அதுவும் அதற்கு மனசிருந்தால். ஞாயிற்றுக்கிழமை நீ கேமராவில் வந்து அம்மா என்று வாயைத் திறப்பாய், திறந்த வாய் அப்படியே நின்றுவிடும். தொட்டுப்பார்த்தால் பெட்டி கொதிக்கும். அப்பாவுக்கு வைத்திருந்த மேஜை மின்விசிறியை அதற்கு வைத்தேன். கூட்ஸ் வண்டிக் கரித்தூள் படிகிறதே என்று துணி போட்டு மூடினேன், இன்னும் சூடானது. திருட்டுப் போய்விடும் என்று அப்பா அதைத் தூக்கி இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, உள்ளே இருந்தால் வேலை செய்யாதா என்று என்னையே கேட்டார். கம்பெனி நம்பருக்குப் போன் போட்டால் இந்தியா இங்கிலீஷா என்று கேட்டு ஒருத்தி அழகாகப் பேசி, சுவிட்சை அணைத்துப் போடுங்கள் மேடம் என்பாள். அதை எங்கள் தெரு நாய் கூடச் சொல்லும்.

கடைசியில் மார்க்கெட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரஷீதைக் கூட்டிவந்து காட்டினேன். அவன் பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு கனிம்மா பேஜாரு, பின்னால பொத்தல் கீது பாரு, அதுல ஊசிய வுட்டு அமுக்கு, எல்லாம் ஷோக்கா ஓடும்" என்றான். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அமுக்கினேன், நிஜமாகவே ஓடியது. அன்றிலிருந்து எப்போது நின்றாலும் ஊக்குதான். அப்படி அமுக்கினால் மாப்பிள்ளை போட்டு வைத்திருந்த நீளமான பாஸ்வேர்டு அழிந்துபோகும், யார் வேண்டுமானாலும் நம் லைனில் நுழையலாம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஒன்று வடிவு, உனக்குத் தெரியும். இப்போதெல்லாம் அது பாஸ்வேர்டே கேட்பதில்லை, வசதியாகத்தான் இருக்கிறது என்று ஆடி மாதமே கேமராவில் உன்னிடம் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே, அது தப்பும்மா, இவருக்கு நேரம் கிடைக்கும்போது இங்கிருந்தே சரிசெய்யச் சொல்கிறேன் என்றாய். அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, வேலைக்குப் போகிற மனுஷன். நீ சிரித்ததை நீ மறந்துவிட்டாய் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பூட்டு இல்லை என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவே இல்லை. நமக்குப் போன் வந்த நாளிலிருந்து இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு நம் கடை நம்பர்தானே பி.பி. நம்பர். வேலைக்கு மனுப் போடுகிறவன், பெண் பார்க்கிறவன், துபாயில் புருஷனை வைத்திருக்கிறவள் எல்லோரும் அந்த நம்பரைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். நீயே கவுனைப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் ஓடி, ராஜாத்தியக்கா உனக்குப் போன் என்று எத்தனை நாள் கூப்பிட்டிருப்பாய். போனுக்குப் பூட்டுப் போட்ட கடைகள் இருந்தன, நாம் போடவில்லை. அதே மாதிரிதான் இதையும் நினைத்தேன். நம் முன்னறைக்கு வராத சிக்னல், சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பின்வீட்டுக்குக் கொழுகொழுவென்று போனது. ராஜாத்தி மகள் மதி நர்சிங் முடித்துவிட்டு ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வைத்திருந்தாளே, அவள் ஒரு நாள் வந்து, "கனிம்மா, உங்க லைன் எங்க வூட்ல வருது, மஸ்கட் ஆஸ்பத்திரிக்கு அப்ளிகேசன் போடணும், யூஸ் பண்ணிக்கட்டுமா" என்று கேட்டாள். வடிவு, நான் சொல்வதைக் கவனி. அவள் கேட்டாள். கேட்காமலே எடுத்துக்கொண்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. எடுத்துக்கோடி என்று நான்தான் சொன்னேன், அதை உன்னிடமும் கேமராவில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை உன் முகம் நின்றுபோனால் ஓடிவந்து சரிசெய்து கொடுத்தது யார் என்று நினைத்தாய், உன் அப்பாவா?

புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை நேரம் போலீஸ் ஜீப் வந்து நின்றது. துறைமுகத்துப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனிக்குக் குண்டு வைப்பேன் என்று மிரட்டல் மெயில் போயிருக்கிறது, அது நம் வீட்டு லைனிலிருந்து போயிருக்கிறது என்றார்கள். அப்பாவுக்கு மெயில் என்றால் சென்ட்ரலிலிருந்து புறப்படும் ரயில்தான் தெரியும். லைன் அவர் பெயரில் இருப்பதால் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, பெஞ்சில் உட்காரவைத்து, கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாளும் வரச்சொன்னார்கள். சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசல் வேப்பமரத்தடியில் நின்றேன் பார், அந்த நிலை எனக்கு எந்தச் சென்மத்திலும் வேண்டாம். அப்போதுதான் நீ அப்பா செல்லுக்குப் போன் செய்தாய், போன் இன்ஸ்பெக்டர் கைக்குப் போனது. நீ இங்கிலீஷில் பேசியதும் அப்பாவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வழியெல்லாம் அவருக்கு ஒரே பெருமை, "எம் புள்ள பேசுன பேச்சுல இன்ஸ்பெக்டரே மேடம் மேடம்ங்கான்" என்று ஆட்டோக்காரனிடம் கூடச் சொன்னார். நானும் சிரித்தேன் வடிவு. உன்னைப் பெற்ற வயிறு குளிர்ந்துபோய்ச் சிரித்தேன்.

நீ என்ன பேசினாய் என்று சாயங்காலம்தான் தெரிந்தது. அடிபம்பில் பெண்கள் எல்லாம் குடம் வைத்து நிற்கிற நேரம். இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு பெண் போலீசும் சந்துக்குள் போய் மதியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், பின்னாலேயே அவள் கம்ப்யூட்டரை ஒருவன் தூக்கிக்கொண்டு வந்தான். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, நம் கடை வாசல் வழியாகத்தான் போனாள். என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் புரியாமல் கையில் படியோடு நிற்கிறேன். ராஜாத்தி பின்னாலேயே ஓடிவந்து கடை முன்னால் நின்று கத்தினாள், "உன் பொண்ணு வாயில எம் பொண்ணு பேரு எப்டிக்கா வந்துச்சி, ஒரே தட்டுல துன்னதுங்க ரெண்டும்" என்று. அவள் புருஷன் வரதன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கிவிட்டு அப்படியே சாக்குத் தூசியோடு வந்தார். கத்தவில்லை. "இன்னா அண்ணாச்சி, ஒரு வார்த்த எங்கையில கேட்டுருந்தா நானே இட்டாந்து வுட்டுருப்பேன்ல" என்றார். அப்பா கணக்கு நோட்டைப் பார்ப்பது மாதிரி குனிந்துகொண்டார்.

அப்பாவைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பிற்பாடு போனில் சொன்னாய். சரி, ஏற்றுக்கொள்கிறேன், ஏற்கெனவே ஒரு தடவை மாரடைப்பு வந்த மனுஷனைப் பெஞ்சில் உட்காரவைத்தால் எந்த மகளும் பதறத்தான் செய்வாள். அப்படிப் பதறியவள், அந்தப் பெட்டிக்குப் பூட்டே இல்லை, தெருவில் போகிற எவனும் நுழையலாம் என்று சொல்லியிருக்கலாமே. ஆடியிலேயே உனக்குத் தெரிந்ததுதானே. அதைச் சொன்னால் மாப்பிள்ளை மாட்டிய லட்சணம் வெளியே வரும் என்று விட்டாயா, இல்லை நிஜமாகவே தோன்றவில்லையா? தோன்றவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். பெயரைச் சொன்னதோடு நிறுத்தினாயா? பின்வீட்டில் இருக்கிறவர்கள் அந்த மாதிரிக் குடும்பம், அங்கே விசாரியுங்கள் என்றாயாமே. இன்ஸ்பெக்டர் அதை அப்படியே மதியிடம் கேட்டிருக்கிறார், நீங்கள் எந்த மாதிரிக் குடும்பம் என்று. நானும் கேட்கிறேன். எந்த மாதிரி வடிவு? எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது உனக்குத் தலைபின்னி ஸ்கூலுக்கு அனுப்பிய மாதிரியா? நீ வயசுக்கு வந்தபோது சொந்தக்காரி ஒருத்தியும் பக்கத்தில் இல்லை என்று கூடவே இருந்தாளே ராஜாத்தி, அந்த மாதிரியா? யார் எந்தத் தம்ளரில் குடிக்கலாம் என்று நம் சொந்தக்காரர்கள் வைத்திருந்த அசிங்கமெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் பிள்ளைக்கு அது ஒட்டவில்லை என்று நினைத்து ஏமாந்திருக்கிறேன். இங்கிலீஷில் சொன்னால் நாற்றம் அடிக்காது என்று நினைத்தாயோ என்னவோ.

மதிக்கு மஸ்கட்டில் வேலை முடிவாகியிருந்தது, பாஸ்போர்ட் வெரிபிகேஷன் அதே ஸ்டேஷனில் மேஜை மேல் கிடந்தது. என்னுடையதும் அதே காகிதக் கட்டுக்குள்தான் கிடந்தது. அன்று ராத்திரி அவளை அனுப்பிவிட்டார்கள், ஆனால் தினமும் வரவேண்டும், விசாரணை முடியாமல் கையெழுத்துப் போட மாட்டோம் என்றுவிட்டார்கள். நான் போய் உள்ளதைச் சொல்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் வழியை மறித்துக்கொண்டு, "கூறுகெட்டவளே, இப்பப் போயி வாயக் குடுத்தேன்னா ஒனக்குப் பாஸ்போர்ட்டு வராதுட்டி, பொறவு நீ புள்ளகிட்டப் போய்ச் சேந்தாப்லதான்" என்றார். அவர் சொன்னது சரிதான் என்று எனக்கும் தெரியும். தலைப்பிரசவம், தாய் வீட்டில் நடக்க வேண்டியது, உன்னால் வர முடியாது என்றுதான் நான் வருவதாக இருந்தது. உன் பிள்ளைக்கு என்று உரசுமருந்து வாங்கி வைத்திருந்தேன், பிரசவ லேகியத்துக்குச் சாமான் பொறுக்கி வைத்திருந்தேன். எல்லாம் தெரிந்துதான் போனேன். ரூட்டரில் ஊக்கைக் குத்தியது நான், பூட்டு போனது என்னால், மதி என்னிடம் கேட்டுத்தான் உபயோகித்தாள், அவளை மாதிரி தெருவில் யார் வேண்டுமானாலும் உபயோகித்திருக்கலாம் என்று சொன்னேன். எழுதிக்கொண்ட ரைட்டரே, "யம்மா, இது உனுக்குத் தேவையா, யோசிச்சு கையெழுத்து போடு" என்றார். யோசித்துத்தான் போட்டேன்.

பிறகு ஆள் அகப்பட்டான். அந்தக் கம்பெனியில் வேலை போனவனாம், பூட்டில்லாத லைன் எங்கே கிடைக்கிறது என்று தெருத் தெருவாகச் சுற்றி, நம் பின்பக்கச் சந்து முனை டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்து அனுப்பியிருக்கிறான். இன்னொரு இடத்திலிருந்தும் இதே மாதிரி அனுப்பியபோது பிடித்துவிட்டார்கள். போட்டோவைக் காட்டினார்கள். படுபாவி, என்னிடமே வாழைப்பழம் வாங்கித் தின்றுவிட்டு, தோலை எங்கே போடுவது என்று மரியாதையாகக் கேட்டவன். மதியின் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. முதலில் கிடைத்த ஆஸ்பத்திரி, காத்திருக்க முடியாது என்று வேறு ஆளைப் போட்டுக்கொண்டது. இப்போது வேறொரு சின்ன கிளினிக்கில் குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு மாதக் கடைசியில் கிளம்புகிறாள். நம் கடைக்கு வருகிறாள், வராமல் இல்லை. முன்னெல்லாம் கல்லாவைத் தாண்டி உள்ளே வந்து பொரிகடலையை அள்ளிக்கொண்டு போகிறவள், இப்போது வெளியே நின்று, கால் கிலோ துவரம்பருப்பு என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாள். ராஜாத்தி அதற்கும் வருவதில்லை, ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய் வாங்குகிறாள்.

நான் இப்போது வழக்கில் சாட்சி. கோர்ட்டிலிருந்து சம்மன் வரும், வழக்கு முடிகிறவரை என் பாஸ்போர்ட்டுக்கு எழுதி அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் ஆகலாம், இரண்டு ஆகலாம். அதனால் டிக்கெட் போட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. நான் வரவில்லை. வலி எடுத்து நீ அம்மா என்று கத்தும்போது நான் இங்கே யாருக்கோ மிளகாய் நிறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஸ்டேஷனுக்குப் போனது தப்பு என்று மட்டும் தோன்றவில்லை. மாப்பிள்ளை கூரியரில் இன்னொரு ரூட்டர் அனுப்பியிருக்கிறார், இந்த முறை விலை கூடியதாம், பிள்ளையைக் கேமராவில் பார்க்கலாமாம். பழையதைத் துணியில் கட்டி அரக்கு வைத்து ஸ்டேஷனில் எடுத்துவைத்துவிட்டார்கள். புதியது பிரிக்காமல் கல்லாப் பக்கத்தில் கிடக்கிறது. கேமராவில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட முடியுமா, காதில் ஊதித் தண்ணீர் எடுக்க முடியுமா? வைத்திருக்கட்டும், யாருக்காவது ஆசை இருந்தால் மாட்டட்டும்.

அங்கே தமிழ்க்காரர்கள் யாராவது பிள்ளை பெற்ற பெரிய மனுஷி இருந்தால் கூட வைத்துக்கொள். மாப்பிள்ளை வீட்டார் வருவதானால் மனசில் எதையும் வைத்துக்கொள்ளாமல் வரச்சொல். பெற்ற உடனே தலைக்குத் தண்ணீர் விடாதே, அந்த ஊர்க்காரர்கள் ஐஸ் தண்ணீர் கொடுப்பார்களாம், குடிக்காதே. லேகியமும் உரசுமருந்தும் பூண்டும் பார்சலில் வருகின்றன, எதை எப்போது சாப்பிடுவது என்று ஒவ்வொரு பொட்டலத்திலும் எழுதியிருக்கிறேன். பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் கண்ணேறு கழிக்காமல் இருக்காதே. நீயும் உன் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், உன் பிள்ளை உன்னை ஒரு நாளும் தலைகுனிய வைக்காமல் இருக்க வேண்டும், இதுதான் என் ஆசீர்வாதம்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான். மதி கிளம்புவதற்கு முன்னால் அவளைக் கூப்பிடு. அவள் செல் நம்பரை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். அப்பாவைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று ஆரம்பிக்காதே, அதை நானே சொல்லியாயிற்று, அவள் கேட்டுவிட்டுப் பருப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த மாதிரிக் குடும்பம் என்று நீ சொன்ன வார்த்தைக்கு மட்டும் பதில் சொல், தமிழில் சொல். எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடு. அவள் மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே. வலி வந்தால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய், முதல் மணியிலேயே எடுப்பேன். மதியிடம் நீ பேசாமல் இருந்தாலும் எடுப்பேன், பெற்றவள் ஆயிற்றே, எடுக்காமல் என்ன செய்வேன். ஆனால் பிள்ளை பிறந்துவிட்டது அம்மா என்று நீ சொல்லும்போது, பிள்ளை யார் மாதிரி என்று கேட்க எனக்கு வாய் வராது.

இப்படிக்கு,
உன் அம்மா,
ச. செல்லக்கனி